அகல உழுவதா, ஆழ உழுவதா: மக்களவையில் பல துறைக் கேள்விகள்

கல்லணைக்காரன்:

எங்கள் தொகுதி உறுப்பினர் சென்ற கூட்டத்தொடரில் எழுப்பிய கேள்விகளை ஒரு மாலை முழுவதும் உட்கார்ந்து மக்களவையின் இணையதளத்தில் படித்தேன். தென்னை வாடல் நோய், கேந்திரிய வித்யாலயாக்களில் ஆசிரியர் காலியிடங்கள், செல்பேசிக் கோபுரங்கள், கூரைச் சூரிய மின்சாரத்துக்கான மானியம், ஜவுளிப் பூங்காக்கள், மருந்து விலைக் கட்டுப்பாடு என்று ஒன்றோடு ஒன்று ஒட்டாத பொருள்கள் வரிசையாக இருந்தன. ஒரு கேள்விக்கு அமைச்சர் அரைகுறையாக விடை சொல்லியிருந்தால், அடுத்த வாரம் அதே இடத்தைத் தோண்டிக் கேட்ட இரண்டாவது கேள்வி ஒன்றுகூட இல்லை.

அகல உழுவதைவிட ஆழ உழுவது மேல் என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வார்கள். பெரோஸ் காந்தியை நினைத்துப் பாருங்கள். 1955இல் தனியார் காப்பீட்டு நிறுவனம் ஒன்றின் முறைகேட்டை அவையில் விரித்து வைத்தார்; மறு ஆண்டு ஆயுள் காப்பீடு நாட்டுடைமை ஆயிற்று. அப்படிப் பிறந்த எல்ஐசியே தொழிலதிபர் ஹரிதாஸ் முந்த்ராவின் நிறுவனப் பங்குகளில் சுமார் ஒன்றேகால் கோடி ரூபாயைப் போட்டதை 1957இல் அவரே வெளிக்கொண்டுவந்தார். நீதிபதி சாக்ளா விசாரித்தார், நிதியமைச்சர் டி.டி.கிருஷ்ணமாச்சாரி 1958 பிப்ரவரியில் பதவி விலகினார். கேட்டவர் ஆளுங்கட்சிக்காரர், பிரதமர் நேருவின் மருமகன். ஒரே துறையை ஆண்டுக்கணக்கில் விடாமல் படித்ததால்தான் அது அவருக்கு முடிந்தது. இன்றைக்கு நம் உறுப்பினர்கள் செய்வது நுனிப்புல் மேய்வது என்பதே என் கருத்து.

தாமிரபரணி:

நீங்கள் சொன்ன பழமொழி நல்லதுதான், ஆனால் ஆழ உழுவதற்கு முதலில் நிலம் கையில் இருக்க வேண்டும். மக்களவையில் எந்த நாளில் யாருக்கு எந்த நிலம் என்பதை உறுப்பினர் முடிவு செய்வதில்லை. அமைச்சகங்கள் ஐந்து குழுக்களாகப் பிரிக்கப்பட்டு, வாரத்தில் ஆளுக்கொரு நாள் ஒதுக்கப்படுகிறது. திங்கட்கிழமைக்குரிய அமைச்சரைச் செவ்வாய்க்கிழமை கேட்க வழியில்லை. கேள்வியைப் பதினைந்து நாள்களுக்கு முன்னமே எழுதிக் கொடுக்க வேண்டும். வந்து குவியும் கேள்விகளிலிருந்து வாய்மொழி விடைக்கு 20, எழுத்து விடைக்கு 230 என்று நாளொன்றுக்குக் குலுக்கல் முறையில் வரிசைப்படுத்துகிறார்கள். கிடைத்த ஐந்து நாள்களையும் பயன்படுத்த நினைக்கும் உறுப்பினர் ஐந்து குழு அமைச்சகங்களையும் கேட்டே ஆக வேண்டும். உங்களுக்குச் சிதறலாகத் தெரியும் அந்தப் பட்டியலில் பாதி, இந்த ஏற்பாட்டின் விளைவு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் ஊர் ரயில் பயணிகள் சங்கத்தில் நானும் இருக்கிறேன். லெவல் கிராசிங்கில் மேம்பாலம் கட்டும் வேலை ஏன் நின்றது என்று ஆறு ஆண்டுகளாக இரு அலுவலகங்களுக்கு நடந்தோம். ஒருவர் மற்றவரைக் கைகாட்டினார். கடைசியில் எங்கள் உறுப்பினர் எழுத்து விடைக்கான கேள்வியாக அதைக் கொடுத்தார். வந்தது நான்கு வரி விடை: பணம் ஒதுக்கப்பட்டுள்ளது, அணுகுசாலைக்கான நிலம் இன்னும் ஒப்படைக்கப்படவில்லை. அந்த ஒரு தாளைப் படியெடுத்துக்கொண்டு மாவட்ட நிர்வாகத்திடம் போனபோது, அதுவரை எங்களை உட்காரக்கூடச் சொல்லாத இடத்தில் கோப்பை எடுத்துப் பார்த்தார்கள். அதே உறுப்பினர் அதே வாரத்தில் மீன்பிடித் துறைமுகம் பற்றியும் கேட்டிருந்தார். அவரை நுனிப்புல் மேய்பவர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கல்லணைக்காரன்:

உங்கள் மேம்பாலத்துக்கு வழி பிறந்ததில் மகிழ்ச்சி. அது ஒரு தொகுதிக் கோரிக்கை. மனு எழுதியும் பெற வேண்டிய தகவல் அது. அமைச்சரைப் பொறுப்பாக்குவது வேறு வேலை.

குலுக்கலைப் பற்றிச் சொன்னீர்கள். ஓர் அமைச்சகத்துக்கு வாரம் ஒரு நாள் என்றால், நான்கு வாரக் கூட்டத்தொடரில் நான்கு நாள்கள் கிடைக்கின்றன. ஓர் உறுப்பினர் பெயரில் ஒரு நாளைக்கு ஐந்து கேள்விகள் வரை பட்டியலில் வரலாம். நான்கு வாரமும் வேளாண் அமைச்சகத்தை மட்டும் விடாமல் கேட்க எந்த விதியும் தடையில்லை. குலுக்கலில் ஒன்றிரண்டு தவறிப்போனாலும் மிச்சம் கிடைக்கும். அதைச் செய்யாததற்குக் காரணம் விதியில்லை, எண்ணிக்கை மோகம்தான். உறுப்பினர் எத்தனை கேள்விகள் கேட்டார் என்பதைத் தேர்தல் நேரத்தில் துண்டறிக்கையில் அச்சடிக்கிறார்கள். அப்துல் கலாமின் யோசனையில் 2010இல் சென்னையில் தொடங்கிய, சிறப்பாகச் செயல்படும் உறுப்பினர்களுக்கான சன்சத் ரத்னா விருதும் கேள்விகளின் எண்ணிக்கையைக் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. நோக்கம் நல்லதே, ஆனால் எண்ணப்படும் எதுவும் பெருகும். எழுதித் தருவது யார் என்பதும் வெளியே தெரிவதில்லை. காசு வாங்கிக்கொண்டு கேள்வி கேட்க ஒப்புக்கொண்டதற்காக 2005 டிசம்பரில் இரு அவைகளிலுமாகப் பதினோரு உறுப்பினர்கள் நீக்கப்பட்டதை மறந்துவிட்டோமா? தனக்குத் தெரியாத துறையில் கேள்வி கேட்பவரின் கையெழுத்துதான் எளிதில் விலை போகும்.

மேசைவிளக்கு:

இருவரும் கேள்வி கேட்பவரையே பார்க்கிறீர்கள். விடை எழுதும் பக்கத்தில் இருபத்தெட்டு ஆண்டுகள் உட்கார்ந்திருந்தவன் என்ற முறையில் கொஞ்சம் சொல்கிறேன். மத்திய அரசுத் துறை ஒன்றில் பிரிவு அலுவலராக ஓய்வு பெற்றேன். துறையின் பெயர் இங்கே தேவையில்லை.

கேள்வி (அ), (ஆ), (இ), (ஈ) என்று பிரிந்து வரும். முதல் வேலை, இதே போன்ற கேள்விக்கு முன்பு என்ன விடை போனது என்று தேடுவது. கிடைத்துவிட்டால் நிம்மதி, அந்த வாசகத்தையே வைத்துக்கொண்டு புள்ளிவிவரத்தை மட்டும் புதுப்பிப்போம். (அ)வுக்கு ‘இல்லை’ என்று விடை எழுத முடிந்தால் மற்ற மூன்றுக்கும் ஒரே வரி போதும்: ‘கேள்வி எழவில்லை.’ மாநிலங்களிடமிருந்து தகவல் வராவிட்டால், ‘தகவல் திரட்டப்பட்டு வருகிறது, அவையின் முன் வைக்கப்படும்.’ சுகாதாரமோ காவல்துறையோ என்றால் ‘இது மாநிலப் பொருள்’ என்று தொடங்கும் பத்தி எப்போதும் தயாராக இருக்கும். பட்டுக்கோட்டைக்கு வழி கேட்டால் கொட்டைப்பாக்கின் விலை சொல்வதை ஒரு கலையாகவே வளர்த்திருந்தோம். பெருமையாகச் சொல்லவில்லை.

எழுத்து விடையில் இது செல்லும். வாய்மொழி விடைக்கான, நட்சத்திரக் குறியிட்ட கேள்வியில் செல்லாது. அமைச்சர் எழுந்து ‘அறிக்கை அவையின் முன் வைக்கப்படுகிறது’ என்று சொல்லி உட்கார்ந்த பிறகுதான் உண்மையான கேள்வியே தொடங்கும். கேட்டவருக்குத் துணைக் கேள்விகள் இரண்டு, பிறகு மற்றவர்கள். எங்கிருந்து எது வரும் என்று தெரியாமல், வரக்கூடிய துணைக் கேள்விகளுக்கெல்லாம் நாங்கள் முப்பது, நாற்பது பக்கக் குறிப்புத் தயாரித்துக் கொடுப்போம். அப்படியும் அதிகாரிகள் மாடத்திலிருந்து துண்டுச் சீட்டு போகும் நாள்கள் உண்டு. அந்த மாடத்தில் உட்கார்ந்து வியர்த்தது எனக்கு நினைவிருக்கிறது. எழுத்து விடையில் ஒரு நாளும் வியர்த்ததில்லை. கேள்வி நேரம் என்ற அந்த ஒரு மணி நேரத்தில் இருபதில் ஐந்தாறு கேள்விகளைத் தாண்டுவதே அரிது என்பது வேறு கதை. 2009 நவம்பர் 30 அன்று, பெயர் கொடுத்த உறுப்பினர்களில் பெரும்பாலோர் அவைக்கே வராததால் கேள்வி நேரம் பாதியில் முடிந்துபோனதும் நடந்திருக்கிறது.

தாமிரபரணி:

மிக்க நன்றி, ஐயா. நீங்கள் சொன்ன ‘கேள்வி எழவில்லை’ என்ற வரி எங்களுக்கு வேறு விதமாக நினைவிருக்கிறது. 2020 செப்டம்பரில் கொரோனாவைக் காரணம் காட்டிக் கேள்வி நேரத்தையே நீக்கிவிட்டு, எழுத்து விடைகளை மட்டும் அனுமதித்தார்கள். முதல் நாளே ஊரடங்கில் ஊர் திரும்பும்போது இறந்த புலம்பெயர் தொழிலாளர்கள் எத்தனை பேர், அவர்கள் குடும்பங்களுக்கு இழப்பீடு உண்டா என்று கேட்கப்பட்டது. அப்படிப்பட்ட தரவு பராமரிக்கப்படவில்லை என்று தொழிலாளர் அமைச்சகம் எழுதியது. தரவே இல்லை என்பதால் இழப்பீடு பற்றிய கேள்வி எழவில்லை. ஊர் திரும்பியவர்கள் ஒரு கோடிக்கு மேல் என்ற கணக்கு மட்டும் அரசிடம் இருந்தது. துணைக் கேள்விக்கு அன்று இடமில்லை.

இருந்தும் அந்த விடை வீண் என்று நான் நினைக்கவில்லை, கல்லணைக்காரன் அவர்களே. தரவு இல்லை என்பதை அரசே தன் கைப்பட எழுதிக் கொடுத்த ஆவணம் அது. 2021 ஜூலையில் மாநிலங்களவையிலும் இப்படித்தான். ஆக்சிஜன் பற்றாக்குறையால் நேர்ந்த இறப்பு எனக் குறிப்பாக எதையும் மாநிலங்கள் தெரிவிக்கவில்லை என்று சுகாதார இணையமைச்சர் எழுத்தில் விடை தந்தார். மருத்துவமனை வாசலில் சிலிண்டருக்கு நின்றவர்கள் கொதித்தார்கள். அந்தக் கொதிப்புக்குப் பிறகுதான் ஒன்றிய அரசு மாநிலங்களிடம் அந்தக் கணக்கைக் கேட்டது. தொழிலாளர், சுகாதாரம், ரயில்வே என்று வலையை விரித்து வீசுகிறவர்கள் இருப்பதால்தான் இப்படி ஒன்றிரண்டு சிக்குகின்றன. எந்தத் துறையில் எது உடையப்போகிறது என்று முன்கூட்டியே தெரிந்து, அதில் மட்டும் நிபுணராக யாரால் இருக்க முடியும்? மனு எழுதியே பெறலாம் என்றீர்கள். ஆறு ஆண்டுகள் மனுதான் எழுதினோம்.

கல்லணைக்காரன்:

மனுவைப் பற்றிச் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். அது அவசரத்தில் எழுதியது. ஆனால் உங்கள் இரு எடுத்துக்காட்டுகளும் என் பக்கமே சாய்கின்றன. தரவு இல்லை என்ற விடை வந்த பிறகு, ‘எப்போதிலிருந்து பராமரிக்கப் போகிறீர்கள், யார் பொறுப்பு’ என்று அடுத்தடுத்த கூட்டத்தொடரில் விடாமல் கேட்ட உறுப்பினர்கள் எத்தனை பேர்? ஆவணம் கிடைத்துவிட்டது என்று அதைப் படம் பிடித்துப் போட்டுவிட்டு அடுத்த துறைக்குப் போய்விடுகிறோம். முந்த்ரா விவகாரத்திலும் முதலில் வந்தது மழுப்பலான விடைதான். அதோடு நிறுத்தியிருந்தால் சாக்ளா வந்திருக்க மாட்டார்.

மேசைவிளக்கு அவர்களிடம் ஒன்று கேட்க வேண்டும். ‘தகவல் திரட்டப்பட்டு வருகிறது’ என்று எழுதிய விடைகள் பிறகு என்ன ஆகின்றன? யாராவது திரும்பிக் கேட்பார்களா?

மேசைவிளக்கு:

கேட்பார்கள். அந்த வாசகம் அவைக்குத் தரப்பட்ட உறுதிமொழியாகக் கணக்கிடப்படும். மக்களவையில் 1953 முதல் உறுதிமொழிக் குழு என்று ஒன்று இருக்கிறது; பதினைந்து உறுப்பினர்கள். மூன்று மாதத்துக்குள் தகவலை அவையின் முன் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் கால நீட்டிப்புக் கேட்க வேண்டும். எங்கள் பிரிவில் அதற்கென்று தனிப் பதிவேடு இருந்தது. நீட்டிப்பு, மறுபடியும் நீட்டிப்பு, பிறகு ‘இந்த உறுதிமொழியைக் கைவிட அனுமதிக்க வேண்டும்’ என்று குழுவுக்கு ஒரு கடிதம். ஆண்டுக்கணக்கில் கிடந்தவை உண்டு. ஆனால் கேள்வி கேட்ட உறுப்பினரின் அலுவலகத்திலிருந்து ‘அது என்ன ஆயிற்று’ என்று ஒரு கடிதம் வந்துவிட்டால், அந்தக் கோப்பு அன்றே மேலே போகும். என் காலத்தில் அப்படி வந்த கடிதங்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். அவற்றில் இரண்டு, கல்லணைக்காரன் அவர்கள் குறை சொல்லும் வகையைச் சேர்ந்த, எல்லாத் துறையிலும் கேள்வி போடும் ஓர் உறுப்பினரிடமிருந்து வந்தவை. ஆளைப் பொறுத்ததுதான்.

கல்லணைக்காரன்:

எங்கள் உறுப்பினரின் பட்டியலை மறுபடி எடுத்துப் பார்த்தேன். தென்னை வாடல் நோய்க் கேள்வியின் (இ) பகுதிக்கு, பாதிக்கப்பட்ட பரப்பு பற்றிய விவரம் மாநிலங்களிடமிருந்து திரட்டப்பட்டு வருகிறது என்றுதான் விடை இருக்கிறது. மூன்று மாதம் கடந்துவிட்டது. அவர் திரும்பிக் கேட்கவில்லை என்று குற்றம் சொன்ன நானும், அவருடைய வாக்காளன் என்ற முறையில், அவரிடம் திரும்பிக் கேட்கவில்லை.

தாமிரபரணி:

கேள்வி எண்ணையும் தேதியையும் இங்கே இடுங்கள். எங்கள் மேம்பாலத்துக்கு எழுதிய கடிதத்தின் படி என்னிடம் இருக்கிறது. துறையின் பெயரை மாற்றினால் போதும், அனுப்பிவிடலாம்.