அப்டேட்: ஐடில் (வண்டி நிக்கும்போது எஞ்சின் ஓடுற வேகம்) ஏறி இறங்குனது சரியாயிடுச்சு, பிசிவி ஹோஸ் (எஞ்சினுக்குள்ள சேர்ற ஆவிய திரும்ப எரிக்க கொண்டுபோற ரப்பர் குழாய்) தான் காரணம்

போன மாசம் கேட்டிருந்தேன்ல, 2008 மாடல் 1.6 பெட்ரோல் ஹேட்ச்பேக், சிக்னல்ல நின்னா ஆர்பிஎம் 700க்கும் 1300க்கும் நடுவுல ஊஞ்சலாடுதுன்னு. பதில் போட்ட எல்லாருக்கும் நன்றி.

நெறைய பேர் சொன்னபடி த்ராட்டில் பாடி (எஞ்சினுக்குள்ள போற காத்த கூட்டிக் குறைக்கிற வால்வு), எம்ஏஎஃப் சென்சார் (அந்தக் காத்த அளக்குறது) ரெண்டையும் க்ளீன் பண்ணேன், ஒரு மாத்தமும் இல்ல, ஞாயித்துக்கிழமை போனதுதான் மிச்சம். "ஃப்யூயல் ட்ரிம் (கம்ப்யூட்டர் பெட்ரோல எவ்ளோ கூட்டிக் குறைக்குதுங்கற சதவீதம்) பாருங்க"ன்னு ஒரு அண்ணன் சொன்னாரே, அதுதான் புடிச்சுக் குடுத்துச்சு. லாங் டெர்ம் ட்ரிம் (கொஞ்ச நாளா கத்துக்கிட்ட அளவு) ஐடில்ல +18, ஆனா 2500 ஆர்பிஎம்ல வெறும் +3, அப்படின்னா த்ராட்டிலுக்கு அப்புறம் எங்கயோ வெளிக்காத்த இழுக்குதுன்னு அர்த்தம். எஞ்சின் நல்லா ஆறுனப்புறம் ஸ்டார்ட் பண்ணி கார்ப் க்ளீனர (கார்புரேட்டர் சுத்தம் பண்ற ஸ்ப்ரே, கசிவு இருக்குற எடத்துல எஞ்சின் அத உள்ள இழுத்துக்கும்) கொஞ்சம் கொஞ்சமா அடிச்சுப் பாத்தேன் (சூட்டுல அடிச்சுராதீங்க, தீப்புடிக்கும்), மேனிஃபோல்டுக்கு (சிலிண்டர்களுக்கு காத்த பிரிச்சுக் குடுக்குற குழாய்) அடியில பட்டதும் ஆர்பிஎம் டக்குனு மாறுச்சு. பிசிவி ஹோஸ கழட்டுனா மேல பாக்க புதுசு மாதிரி, அடிவளைவுல விரல் வெச்சா பிஸ்கட்டா நொறுங்குது.

எதிர்பாக்காத விஷயம், ஹோஸ் மாத்துனப்புறம் ஐடில் 1100லயே நின்னுச்சு. த்ராட்டில க்ளீன் பண்ணிட்டு அடாப்டேஷன் ரீசெட் (கம்ப்யூட்டர் பழசா கத்து வெச்ச த்ராட்டில் அளவ அழிக்கறது) பண்ணாம விட்டது என் தப்பு. ஸ்கேனர்ல அத பண்ணதும் 750, ட்ரிம் +2. மூணு வாரமா ஏசி போட்டாலும் அசையல.