பொருள்: ‘ஸ்க்ரப்’ – ஒரே சொல் போதுமா?

வணக்கம்.

நாண்ட் ஃபிளாஷ் (சேமிப்புச் சில்லு) பழுதுநீக்கும் கையேட்டின் வரைவில் ‘ஸ்க்ரப்’ வரும் இடமெல்லாம் ‘துடைத்தல்’ என்று இருக்கிறது. இப்படியே வெளியிட்டால் யாராவது பலகையைப் பாழாக்கிக்கொள்வார்கள். யுபிஐ (லினக்ஸ் கர்னலில் ஃபிளாஷ் தொகுதிகளை நிர்வகிக்கும் அடுக்கு) சொல்லும் ஸ்க்ரப் வேறு, யூ-பூட் (கர்னலை ஏற்றிவிடும் பூட்லோடர்) சொல்லும் ஸ்க்ரப் வேறு.

யுபிஐயில் அது காப்பு வேலை. படிக்கும்போது புரண்டிருக்கும் பிட்டுகளை ஈசிசி (பிழைதிருத்தக் குறியீடு) திருத்தும். திருத்திய எண்ணிக்கை வரம்பைத் தொட்டால் (வழக்கமாக ஈசிசி வலிமையில் முக்கால், 8 பிட் வரை திருத்தும் பிசிஎச்8 என்றால் 6 பிட்) கர்னல் அந்தத் தொகுதியின் (ஒரே வீச்சில் அழிக்கப்படும் பகுதி) தரவை வேறொன்றுக்கு மாற்றிவிட்டு, பழையதை அழித்து மறுபடி புழக்கத்தில் விடும். கர்னல் பதிவில் ‘ஸ்க்ரப்’ என்ற வரியைப் பார்த்துப் பதற வேண்டியதில்லை.

யூ-பூட்டின் ‘நாண்ட் ஸ்க்ரப்’ நேர் எதிர். சாதாரண அழித்தல் பழுதுத் தொகுதிகளைத் தாண்டிப் போகும், இது தாண்டாது. உபரிப் பகுதியில் (தரவோடு ஒட்டிய கூடுதல் பைட்டுகள்) சில்லு ஆலை இட்ட பழுதுக்குறியும் சேர்ந்தே போய்விடும்.

என் பரிந்துரை: முதலாவது ‘மீட்பு நகர்த்தல்’, இரண்டாவது ‘குறியோடழித்தல்’.

——

> இரண்டாவது ‘குறியோடழித்தல்’

வணக்கம் ஐயா. பிரிக்க வேண்டும் என்பதில் மறுப்பில்லை. ஆனால் இரண்டாவது நாக்கில் புரளவில்லையே. ‘முழுத்துடைப்பு’ என்றால் ஆகாதா? தவிர, தேய்மானச் சமனாக்கலிலும் (எல்லாத் தொகுதியும் சமமாகத் தேயச் செய்வது) தரவு நகரத்தான் செய்கிறது. ‘நகர்த்தல்’ குழப்பாதா?

——

> ‘முழுத்துடைப்பு’ என்றால் ஆகாதா?

ஆகாது. சுத்தம் செய்வது போல் ஒலிப்பதுதான் சிக்கலே. வழக்கமான விபத்தைப் பாருங்கள்: யூ-பூட் 1 பிட் ஹேமிங் ஈசிசியில் எழுதுகிறது, கர்னல் பிசிஎச்8 என்று நினைத்துப் படிக்கிறது. எழுதிய பக்கமெல்லாம் பிழை –74 (ஈசிசியால் திருத்த முடியவில்லை). சில்லு செத்துவிட்டது என்று முடிவுகட்டி, ‘துடைத்துப் பார்ப்போம்’ என்று இறங்குகிறார்கள். தேவைப்பட்டது யூ-பூட், கர்னல் இரண்டிலும் ஒரே ஈசிசியை அமைத்து மறுபடி எழுதுவது மட்டும். ஓரிரு தொகுதியில் மட்டும் –74 வந்தால் பழுதைச் சந்தேகிக்கலாம். பிரிவு முழுக்க வந்தால் முதலில் அமைப்பைப் பாருங்கள்.

துடைத்தபின் பூட் செய்தால் பழுது எண்ணிக்கை பூஜ்யம் என்று காட்டும், ஆளுக்கும் சந்தோஷம். 1 கிகாபிட் எஸ்எல்சி (செல்லுக்கு ஒரு பிட்) சில்லுகள் பலவற்றில் 1024 தொகுதிகளில் 20 வரை ஆலையிலேயே பழுதாக இருக்கலாம். ஆலை அவற்றை வெப்பம், மின்னழுத்தம் இரண்டின் ஓரங்களிலும் சோதித்துக் குறித்திருக்கும். மேசைமேல் அறைவெப்பத்தில் தேறும் தொகுதி, வெயிலில் மாட்டிய பெட்டிக்குள் காலை வாரும். குறி போனபின் அதைக் கண்டுபிடிக்க நம்பகமான வழி கிடையாது. யூ-பூட்டே இதை எச்சரித்துவிட்டுத்தான் ‘ஆம்’ கேட்கிறது. எது போகிறது என்பது பெயரிலேயே தெரியட்டும். நாக்கில் கொஞ்சம் இடறினால் நல்லதுதான்.

‘நகர்த்தல்’ பற்றி: சமனாக்கலில் நகர்த்துவது தேய்மானத்தைப் பகிர, இங்கே புரளும் தரவை மீட்க. ‘மீட்பு’ என்ற அடை அதற்காகத்தான்.

——

சரி ஐயா, இரண்டையும் ஏற்கிறேன். ‘குறியோடழித்தல்’ பதிவின் கீழ் இதையும் சேர்க்கலாம்: வேறு வழியே இல்லையென்றால் முதலில் யூ-பூட்டில் ‘நாண்ட் பேட்’ கொடுத்து, வரும் பழுதுத் தொகுதி முகவரிகளை எல்லாம் கணினியில் சேமிக்கவும். அழித்த கையோடு, எதையும் எழுதுமுன், ஒவ்வொரு முகவரிக்கும் ‘நாண்ட் மார்க்பேட்’ கொடுத்து மறுபடி பழுதென்று குறிக்கவும்.

அடுத்து ‘டார்ச்சர்’. சந்தேகமான தொகுதியில் யுபிஐ ஏ5, 5ஏ, 00 என்ற வடிவங்களை மாற்றி மாற்றி எழுதி, படித்து, அழித்துப் பார்க்கிறது. தேறாவிட்டால் பழுதென்று குறிக்கிறது. வரைவில் ‘சித்திரவதை’ என்று இருக்கிறது. ‘வாட்டுச் சோதனை’ எப்படி?