ரீபாயிண்டிங்: சந்துப்பூச்சா, சந்தடைப்பா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

‘ரீபாயிண்டிங்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ் தேடும் இந்த இழையை நான்கு நாளாகப் படித்துக்கொண்டு சும்மாதான் இருந்தேன். இப்போது எழுத வைத்தது எங்கள் வீட்டுக் கொல்லைச் சுவர். கும்பகோணத்துப் பக்கம், தாத்தா காலத்து வீடு. சுண்ணாம்புக் கலவையில் கட்டியது. இன்றைய செங்கல்லைவிட மெலிசான கல், மேலே பூச்சு கிடையாது. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில், அதாவது சந்தில், இருக்கும் கலவை மாவாகிவிட்டது, விரலால் நோண்டினால் உதிர்கிறது. சில இடங்களில் சுண்டுவிரல் முதல் கணு வரைக்கும் உள்ளே போகிறது. இதைச் சரிசெய்யும் வேலைக்குத்தான் நாம் சொல் தேடிக்கொண்டிருக்கிறோம் என்பதால் வாயைத் திறக்கிறேன்.

> ‘மறுசந்துப்பூச்சு’ நேரடியாக இருக்கிறது, எளிதாகவும் புரிகிறது. இதையே முடிவு செய்துவிடலாமே?

ஐயா, இந்தச் சொல்லோடு எனக்கு இரண்டு வழக்கு உண்டு. பெரிய வழக்கு ‘பூச்சு’ மேல்.

ஆறு வருடம் முன்பு இதே சுவரைக் காட்டி ஒரு கொத்தனாரிடம், “சந்தெல்லாம் பூசி விட்டுடுங்க” என்றேன். அவர் சொன்னதைச் செய்தார். உதிர்ந்த கலவை அப்படியே இருக்க, அதன் மேல் சிமெண்டைக் குழைத்து அரை விரல் கனத்துக்கு இழுத்துவிட்டார். மறுநாள் பார்க்க அழகாகவே இருந்தது. இரண்டாவது ஐப்பசி மழை முடிந்ததும் பட்டை பட்டையாகக் கழன்று விழுந்தது. அதுகூடப் பரவாயில்லை. கழலாமல் கெட்டியாகப் பிடித்துக்கொண்ட இடங்களில் செங்கல்லின் முகமே அப்பளம் மாதிரி பெயர்ந்துவிட்டது.

காரணம் இதுதான். பழைய சுவரில் ஓதம் ஏறினால் அந்த ஈரம் வெளியேறும் வழி சுண்ணாம்புச் சந்து. சுண்ணாம்பு கல்லைவிட இளசு, ஈரத்தை விட்டுக்கொடுக்கும். அதன் வாயைச் சிமெண்டால் மூடினால் ஈரம் கல் வழியாகத்தான் வந்தாக வேண்டும். வரும்போது உப்பையும் கொண்டுவருகிறது. அந்த உப்பு கல்லின் தோலுக்குக் கீழே படிகமாகி முகத்தைத் தள்ளுகிறது. சந்துதான் தேய வேண்டியது, கல் இல்லை. தேய்ந்தால் மாற்றிக்கொள்ளலாம் என்றுதான் அதை இளசாக வைத்திருக்கிறார்கள்.

கொத்தனாரைக் குறை சொல்ல மாட்டேன். ‘பூசு’ என்றேன், பூசினார். ‘சந்துப்பூச்சு’ என்று நாம் அகராதியில் ஏற்றினால் இன்னும் நூறு பேர் இதையே செய்வார்கள்.

உண்மையில் நடக்க வேண்டிய வேலையில் பூசுவது கடைசிக் கால்வாசிகூட இல்லை. முதலில் பழைய கலவையை எடுக்க வேண்டும். சந்தின் அகலத்தைப் போல் இரண்டு, இரண்டரை மடங்கு ஆழத்துக்கு. 10 மில்லிமீட்டர் சந்து என்றால் 20 முதல் 25 மில்லிமீட்டர் வரை. மெல்லிய உளியும் சின்னச் சுத்தியலும் போதும். அறுக்கும் மெஷினை உள்ளே விட்டால், முக்கியமாகச் செங்குத்தாக நிற்கும் சந்துகளில், மேலும் கீழும் இருக்கிற கல்லைக் கீறிவிடும், அந்தத் தழும்பு போகாது. உள்பக்கம் வளைவாக இல்லாமல் சதுரமாக இருக்க வேண்டும், அப்போதுதான் புதுக் கலவைக்குப் பிடிமானம். தூசியைத் துடைத்து, தண்ணீர் தெளித்து, சலித்த மணல் மூன்று பங்குக்குச் சுண்ணாம்பு ஒரு பங்கு கலந்து, ஒரே தடவையாகத் திணிக்காமல் ஆறேழு மில்லிமீட்டர் அடுக்கு அடுக்காக அழுத்த வேண்டும். கடைசி அடுக்கில் கட்டைவிரலை வைத்தால் ரேகை பதியணும், கலவை விரலோடு வரக் கூடாது. அந்த நேரம் பார்த்து நீவிவிட வேண்டும். அப்புறம் சில நாள் ஈரச் சாக்கு. சுண்ணாம்பு காற்றிலிருந்து கரியமில வாயுவை வாங்கித்தான் மெல்ல மெல்லக் கல்லாகும், வெயிலில் காயவிட்டால் பொடிதான்.

இதை எழுத எழுத எனக்கு ஞாபகம் வந்தது பல் டாக்டர். சொத்தையைக் குடைகிறார், சுத்தம் செய்கிறார், அடைக்கிறார், பிறகு கடிக்கிற மட்டத்துக்குத் தேய்த்துவிடுகிறார். அதை நாம் ‘பல் அடைப்பது’ என்கிறோம். ‘பல்பூச்சு’ என்று யாராவது சொல்வோமா? ‘பல்லை அடைக்கணும்’ என்று கேட்டதுமே குடைகிற சத்தம் காதில் கேட்டுவிடுகிறது. அந்தச் சத்தம் நம் சொல்லிலும் வேண்டும். ஆகவே என் பரிந்துரை: சந்து அடைத்தல், பெயராக வேண்டுமானால் சந்தடைப்பு.

> ‘அடைப்பு’ என்றாலே சாக்கடை அடைப்பு, மாரடைப்பு. கெட்ட சகுனமாக இருக்கிறதே!

சிரித்துவிட்டேன் அம்மா. ஆனால் ஓட்டை அடைப்பது, பொத்தல் அடைப்பது எல்லாம் நல்ல காரியம்தானே? ‘அடைப்பு’ உறுத்தினால் வினையாகவே ‘சந்து அடைத்தல்’ என்று வைத்துக்கொள்ளலாம். கட்டடத் தொழிலில் எப்படியும் வினைதான் புழங்கும்.

இரண்டாவது வழக்கு ‘மறு’ மேல். ஆங்கிலச் சொல்லின் தலையில் ஒரு ‘ரீ’ இருக்கிறது என்பதற்காக நாமும் ஒரு ‘மறு’வை ஒட்ட வேண்டியதில்லை. பராமரிப்பு வேலைகளுக்குத் தமிழ் அப்படிப் பேசுவதே இல்லை. பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுவார்கள், அது பத்தாவது தடவை என்றாலும் ‘மறுஈயம்’ இல்லை. தேய்ந்த அம்மியைக் கொத்துவார்கள். தெருவில் “அம்மி கொத்தலையோ” என்று குரல் வருமே தவிர “அம்மி மறுகொத்தலையோ” என்று வராது. கத்திக்குச் சாணை பிடிப்பதும் கூரை வேய்வதும் இப்படித்தான், முதல் தடவையா பழையதைப் புதுக்குவதா என்பதை இடம் சொல்லிவிடும். மறுமணம், மறுதேர்வு, மறுகூட்டல் எல்லாம் வேறு. அங்கே நடப்பது இன்னொரு தனி நிகழ்ச்சி, அதற்கு ‘மறு’ பொருந்துகிறது.

சரி, முதல் தடவையே செய்யும் பாயிண்டிங்குக்கு? புதுச் சுவரில் யாரும் குடைவதில்லை. கலவை ஈரமாக இருக்கும்போதே நீவி முடிக்கிறார்கள். அதை சந்து நீவுதல் என்றே வைத்துக்கொள்ளலாம். பழையதை எடுப்பது சந்து குடைதல். இரண்டும் தனித்தனிச் செயல் என்பதால் தனித்தனிச் சொல்லே நல்லது.

> சந்து என்றால் தெரு. ‘மூட்டு’ அல்லது ‘காரை’ என்று போடலாமே?

சந்து தெரு மட்டும் இல்லையே. இடுப்புச் சந்து என்று பாட்டிமார் சொல்வது எலும்பு சேரும் இடத்தைத்தான். பகையான இரண்டு பேரைச் சேர்த்துவைப்பதைச் ‘சந்து செய்தல்’ என்று பழைய தமிழில் சொல்வார்கள். இடைவெளி, சேர்க்கை இரண்டும் ஒரே சொல்லில் கிடைக்கிறது. செங்கல் சந்தும் அதேதான்: இடைவெளியாகவும் இருக்கிறது, சேர்த்தும் வைக்கிறது. ‘மூட்டு’ போட்டால் தைல விளம்பரம் நினைவுக்கு வருகிறது. ‘காரை’ நல்ல சொல், எனக்குப் பிடித்த சொல். ஆனால் இன்று அதைக் கேட்டதும் ‘கூரைக் காரை பெயர்ந்து விழுந்தது’ என்ற செய்திதான் மனத்தில் ஓடும்.

இங்கிலாந்திலிருந்து எழுதிய நண்பர் டக்பாயிண்டிங்குக்கும் சொல் கேட்டிருந்தார். அது 18ஆம் நூற்றாண்டில் அங்கே பிரபலமான ஒரு அழகான ஏமாற்று. கோணல் மாணலான செங்கல்லுக்கு நடுவில் கல்லின் நிறத்திலேயே கலவையை அடைத்து, எல்லை தெரியாமல் செய்துவிட்டு, அதன் மேல் மெல்லிய வெள்ளைச் சுண்ணாம்புக் கோட்டை நேராக இழுப்பார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் கல் எல்லாம் அச்சில் வார்த்த மாதிரி இருக்கும். இதற்குப் பொய்வரி என்று சொன்னால் என்ன? அமெரிக்காவில் சாதாரணச் சந்தடைப்பையும் அதே டக்பாயிண்டிங் என்ற பெயரில் அழைப்பது உண்டு. மொழிபெயர்ப்பவர்கள் அங்கே பொய்வரி போட்டுவிடக் கூடாது.

நேற்று இந்தச் சொல்லைச் சோதித்தும் பார்த்துவிட்டேன். புதிதாக வந்திருக்கும் கொத்தனாரிடம் விளக்கம் எதுவும் சொல்லாமல், “இந்தச் சுவர்ல சந்து அடைக்கணும்” என்று மட்டும் சொன்னேன். அவர் சுவரை ஒரு தடவை தடவிப் பார்த்தார், ஓரிடத்தில் நகத்தால் சுரண்டினார். “அடைக்கணும்னா முதல்ல குடையணுமே சார், ரெண்டு நாள் கூட ஆகும், சம்மதமா?” என்றார்.

கூலியைத்தான் இன்னும் பேசி முடிக்கவில்லை. வேலை திங்கட்கிழமை தொடங்குகிறது. கலவையைச் சந்துக்குள் தள்ள அவர் கொண்டுவந்திருப்பது ஒரு விரல் அகலத்தில் அடித்துத் தட்டையாக்கிய இரும்புக் கம்பி. சாதாரணக் கரண்டி உள்ளே போகாது. அதற்கு என்ன பெயர் என்று கேட்டேன், “கம்பிதான்” என்றார். உங்கள் ஊர்க் கொத்தனார்கள் அதற்கு ஏதாவது பெயர் வைத்திருக்கிறார்களா என்று கேட்டுச் சொல்லுங்கள். இருந்தால் நாமாக ஒன்றை உண்டாக்காமல் அதையே எடுத்துக்கொள்ளலாம்.