கதைப் புத்தகத்துல கஷ்டமான வார்த்தை: உங்க பிள்ளைங்க என்ன பண்ணாங்க?

கெடிலக்கரை:
கிள்ளைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துல கதை வாசிக்கப் போயிருந்தேன். பிச்சாவரம் காட்டுல ஒரு பையன் ஒளிஞ்சுக்கிற கதை. புத்தகம் முழுக்க "மரம்", "பெரிய மரம்", "வளைந்த மரம்"தான். பிள்ளைங்களுக்குப் புரியணுமேன்னு பேரையெல்லாம் எடுத்துட்டாங்க போல. பையன் கிளையை ஒடிச்சுக்கிட்டே உள்ள போறான்னு வாசிச்சதும் முன்னால இருந்த பொண்ணு கையைத் தூக்கினா. "என்ன மரம் மிஸ்? சுரபுன்னையா, தில்லையா?" போடலையேம்மான்னேன். "தில்லைன்னா ஒடிக்கக் கூடாது மிஸ். பால் கண்ணுல பட்டா கண்ணு தெரியாமப் போயிடும். அவங்க வீட்டுல சொல்லித் தரலையா?"

அதுக்கப்புறம் கதையை யாரும் கேக்கல. புத்தகத்தை அவ பார்த்த பார்வை இருக்கே, எழுதினவருக்கு ஒண்ணும் தெரியலைன்னு முடிவு கட்டின பார்வை! யாருக்குக் கஷ்டம்னு இவங்க வெட்டினாங்க?

முத்தியால்பேட்டை வாத்தியார்:
மேடம், அந்தப் பொண்ணுக்கு அது வீட்டு வார்த்தை. எங்க பாண்டிப் பையனுக்கு? ஆறாவது படிக்கிறவன்கிட்ட ஒரு ராஜா கதை கொடுத்தேன். தெரியாத ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு விரலை மடக்கிக்கிட்டே வந்தான். கொத்தளம், அகழி, பேழை, இன்னும் ரெண்டு. முதல் பக்கம்தான். "கை மூடிடுச்சு சார்"னு புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துட்டான்.

அதனால எல்லாருக்கும் சொல்றேன், ஒரு பக்கத்துல அஞ்சு விரலும் மடங்கினா அந்தப் புத்தகம் இப்போதைக்கு வேண்டாம். நான் சொந்தமா சொல்லல. 2000-ல ஹூ, நேஷன்னு ரெண்டு பேர் ஆய்வு பண்ணியிருக்காங்க. 100 வார்த்தையில 98 தெரிஞ்சாத்தான் துணையில்லாம வசதியாப் படிக்க முடியும்னு வந்தது. வாசிக்கிறதுக்கு முந்தின நாளே கஷ்டமான வார்த்தைகளைப் பலகையில எழுதிப் போடுங்க. ஆளுக்கு ஒரு வார்த்தை கொடுத்து நடிக்கச் சொல்லுங்க. அடிக்குறிப்பு மட்டும் வேண்டாம், கண்ணு கீழ போய்ட்டு வர்றதுக்குள்ள கதை விட்டுப்போகுது. தாத்தா பாட்டி இருந்தா சத்தமா வாசிச்சுக் காட்டச் சொல்லுங்க. அப்புறம், அம்புலிமாமா படிச்சு வளர்ந்தோம் நாங்கன்னு யாரும் ஆரம்பிக்காதீங்க, தயவுசெஞ்சு.

முதுநகர் ஆள்:
சார், அந்த 98 இங்கிலீஷை ரெண்டாவது மொழியா கத்துக்கிட்டவங்களை வச்சுப் பார்த்த கணக்கு. நம்ம பிள்ளைங்களுக்கு அதை அப்படியே மாட்டாதீங்க. தமிழ்ல ஒரு வார்த்தைன்னு எதை எண்ணுவீங்க?

என் பொண்ணு மூணாவது. அகழியில அவ நிக்கவே இல்ல. படத்துல கோட்டையைச் சுத்தித் தண்ணி, தண்ணியில முதலை. போய்க்கிட்டே இருந்தா. நின்னது "சென்றுகொண்டிருந்தபோதிலும்"ல. பாதியை விரலால மறைச்சுக்கிட்டு "இது எத்தனை வார்த்தைப்பா?"ன்னா. அடுத்த வரியில "எனினும்". அதுலயும் நின்னா. யாரு வீட்டுல "எனினும் சாப்பிட வா"ன்னு கூப்பிடுறாங்க? அகழி, பேழையெல்லாம் பொருள். படம் போட்டா முடிஞ்சது. "ஆயினும்", "ஆகையால்" இதுக்கெல்லாம் என்ன படம் போடுவீங்க? வெட்டுறவங்க அகழியை வெட்டிட்டு இதையெல்லாம் பத்திரமா விட்டு வைக்கிறாங்க. எழுத்துத் தமிழே பிள்ளைக்குப் புதுசுதான் சார். அதை நினைச்சுப் பார்க்காம பெயர்ச்சொல்லை மட்டும் எண்ணிக்கிட்டு இருக்கோம்.

கெடிலக்கரை:
@வாத்தியார், பலகையில முன்னாடியே எழுதிப் போட்டா கதை பாடமாயிடும். எங்க பிள்ளைங்க உடனே நோட்டை எடுத்துடுவாங்க.

மஞ்சக்குப்பம் அம்மா:
நீங்க சண்டை போடுங்க, நான் என் கதையைச் சொல்லிடுறேன். என் பெரியவ "புரவி"ன்னா படகுன்னு நினைச்சுக்கிட்டே புத்தகத்துல முக்கால்வாசி முடிச்சுட்டா. எங்களுக்குத் தெரியவே தெரியாது. ராஜா புரவியில ஏறினார், சரி. ஆத்தைக் கடந்தார், ரொம்ப சரி. தேவனாம்பட்டினம் பக்கம் போட்டுல போனவதானே, கண்ணுல அதுதான் ஓடியிருக்கு. ஒருநாள் ராத்திரி எட்டு மணி இருக்கும், ரசத்துக்குப் புளி கரைச்சுக்கிட்டு இருக்கேன், உள்ளேருந்து ஒரே கத்தல். "அம்மா, படகு எதுக்கும்மா கனைக்குது?"

சிரிச்சுச் சிரிச்சு எனக்கு மூச்சு வாங்கிடுச்சு. அவ சிரிக்கல. முதல்லேருந்து குதிரை போட்டு மறுபடி படிக்கணும்னு உக்காந்துட்டா.

முத்தியால்பேட்டை வாத்தியார்:
அப்போ முதல் தடவை புரியலைன்னுதானேம்மா அர்த்தம்? நான் சொன்னது அதைத்தான். குதிரைன்னே போட்டிருந்தா என்ன குறைஞ்சு போயிருக்கும்?

மஞ்சக்குப்பம் அம்மா:
புரியலைன்னு யார் சார் சொன்னது? ராஜா தப்பிச்சார், மந்திரி மாட்டினார், எல்லாம் சரியாத்தான் சொன்னா. ரெண்டாவது பாகம் வேணும்னு இப்ப உயிரை எடுக்குறா. பாண்டி ரோமன் ரோலண்ட் நூலகத்துல குழந்தைங்க பகுதி ஞாயித்துக்கிழமை திறந்திருக்குமா? யாராவது அந்தப் பக்கம் போனா பார்த்துச் சொல்லுங்க.