கொடைக்கானல் மண்ணில் நுண்ணுயிர் உரம் எடுபடுமா?

பூம்பாறைப் பூண்டு:
போன போகத்தில் நுண்ணுயிர் உரத்துக்குச் செலவழித்த காசு அத்தனையும் வீண். தழைச்சத்துக்கு (நைட்ரஜன்) அசோஸ்பைரில்லம், மணிச்சத்துக்கு (பாஸ்பரஸ்) பாஸ்போபாக்டீரியா என்ற பாக்டீரியாக்கள், வேருக்குள் வாழும் பூசணமான வேர் உட்பூசணம், இந்த மூன்றையும் வத்தலக்குண்டில் வாங்கிவந்து முட்டைக்கோசுக்கும் பூண்டுக்கும் போட்டேன். துளி வித்தியாசம் இல்லை. “எல்லாப் பயிருக்கும் கேட்கும்” என்றார் கடைக்காரர். உயிருள்ள உரமாம்! பிரித்தால் கரித்தூள்.

பண்ணைக்காட்டு மிளகு:
அண்ணே, கரித்தூள் அந்த பாக்டீரியாவுக்கு வீடு. கோசுக்கு உட்பூசணம் போட்டதுதான் தவறு. கோசு, முள்ளங்கி, பீட்ரூட் வேரில் அது குடியேறாது. பூண்டுக்கு அப்படி இல்லை. பூண்டு வேர் தடிமன், வேர்த்தூவியும் குறைவு. பூசண இழைதான் வேர் எட்டாத இடத்து மணிச்சத்தைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, கூலியாகச் சர்க்கரை வாங்கிக்கொள்ளும். நம் அமில மண்ணில் இரும்பும் அலுமினியமும் மணிச்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதால் இந்த உதவி பெரிது. பாக்கெட்டை எப்படிக் கொண்டுவந்தீர்கள்?

பூம்பாறைப் பூண்டு:
பஸ்ஸில்தான். டிரைவர் பக்கத்து எஞ்சின் மூடிமேல் வைத்தேன். மடியிலா வைத்துக்கொள்வார்கள்?

பண்ணைக்காட்டு மிளகு:
மலை ஏறி முடிப்பதற்குள் பாதி வெந்திருக்கும்! நட்டபின் மருந்து ஏதும் ஊற்றினீர்களா?

பூம்பாறைப் பூண்டு:
அழுகலுக்குப் பயந்து அதே வாரம் பூசணத்தைக் கொல்லும் தாமிர மருந்து ஊற்றினேன். சரி, என் தவறு இரண்டு என்றே வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் தொழுவுரத்தில் கலந்துதானே போடுகிறீர்கள்? விளைந்தது தொழுவுரத்தாலா, நுண்ணுயிராலா? இதற்கு யாரும் நேராகப் பதில் சொல்வதில்லை.

கேத்தி கேரட்:
நீலகிரியிலிருந்து ஒரு வார்த்தை. பட்டாணி விதையில் பாதிக்குக் கஞ்சியில் ரைசோபியம் என்ற வேர்முடிச்சு பாக்டீரியா கலந்தேன், பாதியை அப்படியே விதைத்தேன். பூக்கும் சமயத்தில் இரண்டிலும் செடி பிடுங்கி வேர் முடிச்சை நகத்தால் கிள்ளினேன். கலந்த வரிசையில் உள்ளே ரத்தச் சிவப்பு. அது தழைச்சத்து பிடிக்கும் முடிச்சு. மற்றதில் சின்னச் சின்னதாக, வெளுத்துப்போய் இருந்தது.

பூம்பாறைப் பூண்டு:
சிவப்பைச் சந்தையில் நிறுத்துப் பார்ப்பார்களா? காய் எத்தனை கிலோ கூடியது?

கேத்தி கேரட்:
நிறுக்கவில்லை. தவறுதான். ஆனால் முதலில் சுண்ணாம்பு இட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் மண்ணின் கார அமில நிலை 4.8. அந்தப் புளிப்பில் ரைசோபியம் தாக்குப்பிடிப்பது கடினம். மணிச்சத்து உரமான சூப்பர் பாஸ்பேட்டை அள்ளிப் போட்டால் உட்பூசணமும் வேரில் ஏறாது. வயிறு நிறைந்த செடி ஏன் கூலி கொடுக்கும்?

பூம்பாறைப் பூண்டு:
இப்போதுதான் பேச்சு ஒரு வழிக்கு வருகிறது. அடுத்த போகத்தில் சூப்பரைக் குறைத்து, பூண்டுக்கு நான்கு பாத்தி ஒதுக்குகிறேன். நான்கிலும் ஒரே அளவு தொழுவுரம். இரண்டில் பல்லுக்கு அடியில் உட்பூசணம். மற்ற இரண்டிலும் அதே உட்பூசணத்தை வேகவைத்துப் போடுவேன். உயிர் மட்டும்தான் வித்தியாசம், வேறு சாக்கு சொல்ல முடியாது.

பண்ணைக்காட்டு மிளகு:
வேகவைக்க அடுப்பு போதும் அண்ணே. மற்ற பாக்கெட்டை எஞ்சினிலிருந்து தள்ளி வையுங்கள்.