புகாரைப் பதிவு செய்வது ஆய்வாளரின் கடமையா, விருப்பமா?

மணிமுத்தாறு:
சென்ற மாதம் பேருந்து நிலையத்தில் என் தம்பியின் சட்டைப்பையிலிருந்து பதினெட்டாயிரம் ரூபாய் கைப்பேசியைத் திருடிவிட்டார்கள். காவல் நிலையத்துக்குச் சென்றோம். ‘திருடப்பட்டது’ என்று எழுதியிருந்த புகாரைத் திருப்பிக் கொடுத்து, ‘தவறிவிட்டது’ என்று எழுதித் தரச் சொன்னார்கள். அப்படியே எழுதிக் கொடுத்ததும், புகார் வந்ததற்கு அடையாளமான சி.எஸ்.ஆர். (சமூகப் பணிப் பதிவேடு) ரசீதைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். முதல் தகவல் அறிக்கை பதிவாகவில்லை. பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றம் பற்றிய தகவல் வந்தால் வழக்குப் பதிந்தே ஆக வேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2013-இலேயே தீர்ப்பளித்துவிட்டது. நிலையப் பொறுப்பு அதிகாரியான ஆய்வாளரின் முதல் கடமையே இதுதான் என்பது என் கருத்து.

பழைய ரைட்டர்:
ஐயா, நான் நிலைய எழுத்தராகப் பல ஆண்டுகள் பணியாற்றியவன். தங்கள் வருத்தம் நியாயமானது. ஆனால் ஓர் ஆய்வாளரின் ஒரு நாளையும் கொஞ்சம் பாருங்கள். காலையில் அணிவகுப்பு முடிந்ததும் நீதிமன்றச் சாட்சியம், நண்பகலில் அமைச்சர் வருகைக்குப் பந்தோபஸ்து, மாலையில் கோயில் கொடை, இரவில் ரோந்து. இவற்றுக்கு நடுவே கொலை வழக்கின் குற்றப்பத்திரிகைக்கு நாள் நெருங்கிக்கொண்டிருக்கும். பதிந்த வழக்கு ஒவ்வொன்றையும் புலனாய்வு செய்து முடிக்க வேண்டியவரும் அவரே. மாதாந்திரக் குற்ற ஆய்வுக் கூட்டத்தில், நிலுவை ஏன் கூடியது என்று மேலதிகாரி கேட்கும்போது அவருக்காகப் பேச யாரும் வருவதில்லை. மேலும், மூன்று முதல் ஏழு ஆண்டுக்குட்பட்ட தண்டனைக்குரிய குற்றங்களில் முதற்கட்ட விசாரணைக்கு இப்போது சட்டமே இடம் தருகிறது.

மணிமுத்தாறு:
அந்தப் பிரிவை முழுமையாகப் படியுங்கள், ஐயா. புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173(3) பிரிவின்படி துணைக் கண்காணிப்பாளரின் முன் அனுமதி வேண்டும். விசாரணையைப் பதினான்கு நாட்களுக்குள் முடிக்கவும் வேண்டும். எங்களுக்கு அனுமதியும் இல்லை, விசாரணையும் இல்லை. புகாரின் வாசகத்தைத்தான் மாற்றினார்கள். பணிச்சுமை உண்மைதான், ஆனால் நடந்த குற்றத்தை நடக்காததாகக் காட்டும் உரிமையை அது யாருக்கும் தந்துவிடாது.

வைப்பாற்றங்கரை:
ஆய்வாளரின் பொறுப்பு புகார் மேசையோடு நிற்பதில்லை. நிலையத்துக்குள் கொண்டுவரப்படும் ஒவ்வொரு மனிதரின் உயிருக்கும் அவர் பதில் சொல்ல வேண்டும். 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தை ஜெயராஜும் மகன் பென்னிக்ஸும் காவல் நிலையத்தில் தாக்கப்பட்டு, அடுத்தடுத்து உயிரிழந்தார்கள். விசாரிக்கச் சென்ற நீதித்துறை நடுவர், கேமராப் பதிவுகள் நாள்தோறும் தானாக அழியும்படி அமைக்கப்பட்டிருந்ததைக் கண்டறிந்தார். வன்தட்டில் இடம் இல்லாமல் அப்படிச் செய்யவில்லை, இடம் இருந்தது. அதே ஆண்டு டிசம்பரில் பரம்வீர் சிங் சைனி வழக்கில், கேமராக்களின் இயக்கத்துக்கும் பராமரிப்புக்கும் பதிவுக்கும் நிலையப் பொறுப்பு அதிகாரியே பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. இனி ‘எனக்குத் தெரியாது’ என்று எந்த ஆய்வாளரும் சொல்ல முடியாது. சொன்னால், அதுவே கடமை தவறியதற்கான ஒப்புதல் ஆகிவிடும்.

பழைய ரைட்டர்:
சாத்தான்குளத்தில் நடந்ததற்குச் சமாதானம் சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் 2006-இல் பிரகாஷ் சிங் வழக்கில் அதே நீதிமன்றம், புலனாய்வையும் சட்டம் ஒழுங்கையும் தனித்தனியாகப் பிரிக்கவும், நிலையப் பொறுப்பு அதிகாரிக்குக் குறைந்தது இரண்டு ஆண்டு பணிக்காலம் தரவும் ஆணையிட்டதே, அதை யார் கேட்கிறார்கள்? ஆறு மாதத்தில் மாற்றலாகிப் போகும் ஆய்வாளர் அந்த ஊரின் ரௌடிப் பட்டியலைப் படித்து முடிக்கும் முன்பே மூட்டை கட்டுகிறார். கடமையை நிலைய வாசலில் மட்டும் தேடுகிறீர்கள். அது தலைமைச் செயலகம் வரை நீள்கிறது.

மணிமுத்தாறு:
மேலே உள்ளவர்களுக்கும் பொறுப்பு உண்டென்பதை மறுக்கவில்லை. ஆயினும் என் தம்பியின் புகாரைத் திருப்பிக் கொடுத்தது தலைமைச் செயலகம் அல்லவே.

பழைய ரைட்டர்:
அது சரிதான். 173(4) பிரிவின்படி மாவட்டக் கண்காணிப்பாளருக்கு அஞ்சலில் எழுதுங்கள். திருட்டு என்று முதலில் எழுதிய வாசகத்தையே திரும்ப எழுதி, அதை மாற்றச் சொன்ன விவரத்தையும் சேர்த்து, சி.எஸ்.ஆர். நகலை இணையுங்கள். அங்கும் நடவடிக்கை இல்லையென்றால் நடுவர் நீதிமன்றத்தில் மனுப் போடலாம். பணிச்சுமை பற்றி நான் சொன்னதில் மட்டும் மாற்றமில்லை.