நம் தெருவின் பழைய கதையைக் காப்பகத்தில் தேடிய அனுபவங்கள்: பலர் எழுதியவை

எங்கள் தெரு நேராக வந்து, நடுவில் ஓரிடத்தில் மட்டும் காரணமே இல்லாமல் வளையும். வளைவில் இருக்கும் வீடுகளில் மழை வந்தால் தரையில் ஈரம் ஏறும். கட்டியவன் சரியில்லை என்றுதான் எல்லோரும் பேசிக்கொள்வோம். எங்கள் பகுதியில் ஓய்வுபெற்ற சிலர் சேர்ந்து நடத்தும் ஆவணக் காப்பகம் ஒன்று இருக்கிறது. ஒரே அறை, சில அலமாரிகள், திறந்திருக்கும் நேரமும் குறைவு. அங்கே போய், "எங்க தெருவைப் பத்தி ஏதாவது இருக்கா?" என்று கேட்டேன். மேசையில் இருந்த அம்மா, "தெருவைப் பத்தி என்ன தெரியணும்?" என்று திருப்பிக் கேட்டார். வளைவைச் சொன்னதும் உள்ளே போய்ப் பழைய நில அளவை வரைபடம் ஒன்றைக் கொண்டுவந்து விரித்தார். இப்போது வளைவு இருக்கும் இடத்தில் ஓர் ஓடை! கரையை ஒட்டித்தான் தெருவைப் போட்டிருக்கிறார்கள். பிற்பாடு ஓடையை மூடிவிட்டார்கள், வளைவும் ஈரமும் மிச்சம்.

அப்புறம் படித்துப் பார்த்தால் இது பெரிய ஊர்களிலும் நடந்த கதைதான். லண்டனின் ஃப்ளீட் ஆற்றை 18-ஆம் நூற்றாண்டில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக மூடினார்கள். இன்றைக்கும் அது சாலைக்கு அடியில் கழிவுநீர்க் கால்வாயாக ஓடுகிறது.

போகிறவர்களுக்கு நான் சொல்வது, ஒரு கேள்வியோடு போங்கள். 'வரலாறு பார்க்க வந்தேன்' என்றால் பெட்டி பெட்டியாக எடுத்து வைப்பார்கள், எதுவும் மனதில் நிற்காது. இன்னொன்று, காசு சம்பந்தப்பட்ட வரைபடம் இருந்தால் முதலில் அதைக் கேளுங்கள். அமெரிக்காவில் சான்போர்ன் என்ற நிறுவனம் 1867-இல் தொடங்கித் தீக்காப்பீட்டுக்காக ஊர் ஊராக வரைபடம் போட்டது. செங்கல் கட்டடம் இளஞ்சிவப்பு, மரக் கட்டடம் மஞ்சள். எந்த வீடு சீக்கிரம் தீப்பிடிக்கும் என்பது காப்பீட்டுக்காரனுக்குத் தெரிய வேண்டுமே! அந்தக் கவலையால்தான் எந்த வீடு எதனால் கட்டப்பட்டது என்பது நமக்கு இன்று தெரிகிறது.

* * *

வரைபடத்தைச் சொன்னீர்கள், சரி. வீட்டில் யார் இருந்தார்கள் என்று தேடுபவர்கள் பழைய டைரக்டரிகளைக் கேளுங்கள். இங்கிலாந்தின் கெல்லி டைரக்டரி மாதிரி, தெரு வாரியாக யார் எந்த வீட்டில், என்ன தொழில் என்று வரிசையாக இருக்கும். ஆனால் கதவு எண்ணை மட்டும் நம்பிப் போகாதீர்கள். சிகாகோவில் 1909-இல் பெரும்பாலான இடங்களில் எண்களை மாற்றினார்கள். அதற்கு முந்தைய டைரக்டரியில் நம் எண்ணைத் தேடினால் யாரோ ஒருவர் வீட்டுக்குப் போய் நிற்போம். நான் தெருமுனை, பள்ளிக்கூடம் போல நகராத ஒன்றைப் பிடித்துக்கொண்டு அங்கிருந்து எண்ணிக்கொண்டு வருவேன்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இருக்கிறதே என்பார்கள். எப்போதும் இருக்காது. அமெரிக்காவின் 1890 கணக்கெடுப்புத் தாள்களில் பெரும்பகுதி 1921 தீ விபத்திலும் அதற்குப் பின்னும் அழிந்து போயின. இங்கிலாந்தின் 1931 தாள்கள் 1942-இல் எரிந்தன, 1941-இல் போரால் கணக்கெடுப்பே நடக்கவில்லை. அந்த மாதிரி ஓட்டை விழுந்த காலத்துக்கு, யாரும் மதிக்காத டைரக்டரிதான் கைகொடுக்கும்.

* * *

நான் மேசைக்கு அந்தப் பக்கம் உட்காருபவன், தன்னார்வலர். எங்களிடம் வருவதில் பாதிக்கு மேல் புகைப்படம்தான். கொண்டுவருபவர் "இது எங்க தாத்தா" என்று முகத்தைக் காட்டுவார். நாங்கள் முதலில் படத்தைத் திருப்புவோம். அஞ்சலட்டையாக அச்சிட்ட படம் என்றால் பின்பக்கத்தில் நடுக்கோடு இருக்கிறதா என்று பார்ப்போம். சேதியும் முகவரியும் ஒரே பக்கத்தில் எழுதலாம் என்று பிரிட்டனில் 1902-இல்தான் அனுமதித்தார்கள், அமெரிக்காவில் 1907-இல். கோடு இருந்தால் அட்டை அதற்குப் பிந்தியது.

அப்புறம் தாத்தாவை விட்டுவிட்டு அவருக்குப் பின்னால் இருப்பதைப் பார்ப்போம். கடைப் பலகை, விளக்குக் கம்பம், தந்திக் கம்பி, நிற்கும் வண்டி. ஒரு கல்யாணப் படத்தில் மாப்பிள்ளை தோளுக்கு மேலே பாதி தெரிந்த பலகையை வைத்துத்தான், இடித்துப்போன ஒரு கடைவரிசை எந்தப் பக்கம் இருந்தது என்ற பல நாள் சண்டை எங்கள் அறையில் தீர்ந்தது. அந்தக் குடும்பத்துக்கு அதில் அக்கறையே இல்லை, பெண் வீட்டார் யார் யார் என்பதுதான் அவர்களுக்கு. அதுவும் நியாயம்தானே.

நெகட்டிவ் பெட்டியைத் திறந்ததும் காடி (வினிகர்) நெடி அடித்தால் உடனே சொல்லுங்கள். அசிட்டேட் என்ற பிளாஸ்டிக்கில் செய்த பழைய ஃபிலிம் சிதையத் தொடங்கினால் அசிட்டிக் அமிலம் வெளிவரும், பக்கத்தில் இருப்பவற்றின் சிதைவையும் அது வேகப்படுத்தும். அவற்றைத் தனியாகப் பிரித்து, குளிர்ச்சியான இடத்தில் வைத்து, முந்தி ஸ்கேன் செய்வோம். கையுறையைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். படத்துக்கும் நெகட்டிவுக்கும் வேண்டும். பழைய காகிதத்துக்கும் புத்தகத்துக்கும் கழுவித் துடைத்த வெறும் கையே நல்லது. கையுறை போட்டால் தாளின் ஓரம் விரலுக்குத் தெரியாது, கிழித்துவிடுவோம்.

* * *

காகிதத்தில் இல்லாததுதான் அதிகம் என்பது என் கட்சி. நான் பெரியவர்களின் பேச்சைப் பதிவு செய்து காப்பகத்துக்குக் கொடுக்கிறேன். இதை முறையான வேலையாக ஆக்கியவர் ஆலன் நெவின்ஸ், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 1948-இல். அவர் தேடிப் போனது பெரும்பாலும் பெரிய மனிதர்களை. நமக்கு அடுத்த வீட்டுப் பாட்டி போதும்.

எங்கள் பகுதியில் ஒரு ஆலை மூடியதைப் பற்றி, அக்கா தங்கை இருவரிடம் தனித்தனியே கேட்டேன். தீப்பிடித்ததால் மூடினார்கள் என்றார் மூத்தவர். "அவளுக்கு என்ன தெரியும், வேலைநிறுத்தம்தான்" என்றார் இளையவர். பிறகு தொழிலாளர் சங்கத்தின் தீர்மானப் புத்தகம் காப்பகத்தில் கிடைத்தது. தீ விபத்து நடந்திருக்கிறது. வேலை இல்லாத நாட்களுக்குக் கூலி உண்டா இல்லையா என்று தகராறு, அதிலிருந்து வேலைநிறுத்தம். மூத்தவர் அப்போது ஆலையில் வேலை பார்த்தவர், இளையவர் வீட்டில் கூலிக்காகக் காத்திருந்தவர். இரண்டு பதிவையும் ஒரு சொல் வெட்டாமல் அப்படியே வைக்கச் சொன்னேன், கூடவே புத்தகத்தின் பக்கக் குறிப்பும். 'சரியானதை மட்டும் வைக்கலாமே' என்று ஒருவர் சொன்னார். அப்படிச் செய்தால் யார் எங்கே நின்று பார்த்தார்கள் என்பது போய்விடும்.

* * *

இதெல்லாம் சரி, ஒரு குறை. காப்பகம் இணையத்தில் பொதுவில் வைத்த ஒரு ஆல்பத்தில், வீட்டைக் காலி செய்யச் சொன்ன நாளில் எங்கள் அம்மா அழுதுகொண்டு நிற்கும் படம் இருந்தது. யாரோ நல்லெண்ணத்தில் கொடுத்ததுதான். ஆனால் எங்களை யாரும் கேட்கவில்லை.

* * *

மேலே எழுதிய தன்னார்வலர்தான். எழுத்து மூலம் கேளுங்கள், இணையத்திலிருந்து எடுத்துவிட்டு மூலப்படத்தை மட்டும் காப்பகத்தில் வைத்திருக்கலாம். எங்கள் அறையில் படம் வாங்கும்போதே யார் பார்க்கலாம், எத்தனை காலம் கழித்து என்று படிவத்தில் எழுதி வாங்குகிறோம். கொடுப்பவருக்கு மட்டுமல்ல, படத்தில் இருப்பவருக்கும் சம்மதமா என்ற கேள்வியை அதில் சேர்க்கச் சொல்லப் போகிறேன். படத்தைக் கொண்டுவருபவர்கள் பின்னால் பெயர் எழுதுவதாக இருந்தால் பேனா வேண்டாம், மென்மையான பென்சிலால் ஓரத்தில் லேசாக எழுதுங்கள்.